மூன்றாம் ஓலை

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. பூசையின் நடுவில் பங்குச் சாமியார் பீடத்தை விட்டுத் திரும்பிக் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தபோது, இன்னாசிமேரி மகளின் கையைப் பற்றிக்கொண்டாள். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது தூணின் பின்னால், முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் ரோசி.

"காலஞ்சென்ற அமிர்தசாமியின் விதவை இன்னாசிமேரிக்கும், திருச்செங்கோடு சவரியப்பன் மகன் அற்புதராஜுக்கும் மெய்விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவர்களுக்குள் விக்கினம் ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் தாமதமின்றி நமக்கு அறிவிக்கக் கடவார்கள். அறிந்தும் மறைப்பவர்கள் சாவான பாவத்துக்கு உள்ளாவார்கள். இது முதலாம் ஓலை."

வாசித்துவிட்டுச் சாமியார் உடனே திரும்பிவிடவில்லை. கோயிலை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். எல்லா ஓலைக்கும் அப்படித்தான் பார்ப்பார். ஊரில் யார் கலியாணம் என்றாலும் மூன்று ஞாயிறு இப்படி வாசித்த பிறகே தாலி. அவள் சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறாள். வாசிக்கும்போது பாதிப்பேர் கொட்டாவி விடுவார்கள். அன்றைக்குத்தான் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் தன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

ஆண்கள் பக்கத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவ்வளவுதான், எழுந்துவிட்டார்கள் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கனைத்தவர் மூக்குப்பொடிக்காரக் கிழவர். சாமியார் பீடத்துக்குத் திரும்பி லத்தீனில் மறுபடி செபத்தைத் தொடங்கினார்.

"ஏம்மா கையை இப்படி இறுக்கிப் பிடிக்கிற? வலிக்குது" என்றாள் ரோசி.

அமிர்தசாமி செத்துப்போனானா இல்லையா என்பது இன்னாசிமேரிக்குத் தெரியாது. அதுதான் அவள் பயம்.

பதினோரு வருஷத்துக்கு முந்தி, ரோசி வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது, கங்காணி ஒருவனோடு அவன் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறினான். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. அவள் சேலத்தில் கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். போர்டிங் பிள்ளைகள் அறுபது பேருக்குச் சோறு. ரோசிக்கு அங்கேயே படிப்பு. வயிற்றுப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் இன்னாரென்று சொல்ல அவளுக்கு ஒரு பெயர் இல்லாமல் போயிற்று. கலியாண வீட்டில் பூத்தட்டு வரிசையாக வந்து அவள் முன்னால் ஒரு கணம் தயங்கும். எடுக்கச் சொல்வதா, தாண்டிப் போவதா என்று கொண்டுவருகிறவளுக்கே தெரியாது. இழவு வீட்டில் தாலியறுத்தவர்களோடு உட்காருவதா, சுமங்கலிகளோடு உட்காருவதா என்று இவளுக்குத் தெரியாது. வாசற்படி ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுவாள்.

போன வருஷம் மடத்துச் சமையல்கட்டுக்குக் கதவு மாற்ற வந்த தச்சர் அற்புதராஜ். லாரிக்கு மரத்தால் பாடி கட்டும் பட்டறையில் வேலை. பெண்டாட்டியைக் காலராவில் பறிகொடுத்தவர், பிள்ளை கிடையாது. அதிகம் பேசமாட்டார். கதவு மாட்டி முடித்த பிறகும் இரண்டுமுறை வந்து கீலுக்கு எண்ணெய் போட்டார். பிறகு தன் அத்தையை அனுப்பி மடத்து மதரிடம் பேசவிட்டார்.

அதே சமயம் சிலோனிலிருந்து ஊர் திரும்பிய ஒருவன், அமிர்தசாமி என்று ஒரு சேலத்து ஆள் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு செத்ததாகச் சொன்னான். சாமியார் அந்தத் தோட்டத்துப் பங்குக்கு எழுதிப் போட்டார். இங்கிலீஷில் பதில் வந்தது. அவளைக் கூப்பிட்டு, தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

"அமிர்தசாமி. சேலம் ஜில்லா. தகப்பன் பெயர் சின்னப்பன். வயது சுமார் நாற்பது. ஐம்பத்தொன்றாம் வருஷம் அடக்கம் செய்யப்பட்டான்." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சரிதானேம்மா?"

மாமனார் பெயர் சவரிமுத்து. ஐம்பத்தொன்றில் அமிர்தசாமிக்கு முப்பதுகூட நிறைந்திருக்காது.

"சரிங்க சாமி" என்றாள் இன்னாசிமேரி.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் சொல்லிவிட்டது. வெளியே வந்து படி இறங்கும்போதுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கங்காணிகள் வாய்க்கு வந்த பெயரை எழுதிக்கொள்வார்கள், வயதைக் கூட்டிப் போடுவார்கள் என்று ஊரில் பேச்சு உண்டு. அப்படி இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். பகலில் அந்தச் சமாதானம் நின்றது. ஓலை வாசிக்கும் நேரத்தில் நிற்கவில்லை.

விஷயம் வெளியானால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். புருஷன் உயிரோடிருக்க இன்னொருத்தனைக் கட்ட வந்தவள் என்று ஆகும். மடத்தில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள். ரோசியின் படிப்பு போகும். செத்தால் கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்த மண்ணில்கூட இடம் கிடையாது. சுவரோரம், தூக்குப் போட்டுக்கொண்டவர்கள் பக்கத்தில்.

இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். யாரும் எழவில்லை. "இன்னொரு ஞாயித்துக்கிழமைதானே அக்கா, புதன்கிழமை கலியாணம்" என்று கூடச் சமைக்கும் இன்பமேரி தோளை இடித்துச் சிரித்தாள். இன்னாசிமேரிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு மூன்று நாள்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். பின்வாசல் கதவோரம் ஆள் நிழல் விழுந்தது. தலையில் உருமால், கையில் குடை. அமிர்தசாமியின் அண்ணன் தோமினிக். வாழப்பாடிப் பக்கம் குத்தகைக்கு உழுகிறவர். அவரைப் பார்த்து நாலு வருஷம் இருக்கும். தம்பியின் அதே நெற்றி, அதே காது. கஞ்சி கையில் கொட்டியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"வாங்க மாமா."

"சந்தையில ஒருத்தன் சொன்னான், உனக்கு ஓலை வாசிக்கறாங்கன்னு" என்றார் தோமினிக். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார். "சிலோன்லேருந்து காயிதம் வந்துச்சாமே."

"ஆமாங்க மாமா."

"அதுல எங்கப்பன் பேரு இருந்துச்சா?"

அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துப் பொங்கியது. அவள் அதைப் பார்க்கத் திரும்புவதுபோல் திரும்பினாள்.

"இருந்துச்சுங்க."

தோமினிக் தன் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது. கடைசியில் சொம்பைத் திட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு நானும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. வெள்ளிக்கிழமை அரிசியைக் களையாமல் உலையில் போட்டாள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கையிலிருப்பது நழுவியது. கோயிலில் தோமினிக் எழுந்து நிற்பதும், நூறு முக்காடுகள் ஒன்றாகத் தன் பக்கம் திரும்புவதும், ரோசி நிமிர்ந்து தன்னைப் பார்ப்பதும் கண்ணை மூடினாலும் திறந்தாலும் வந்தன. ஊரைவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். எங்கே போவது?

சனிக்கிழமை பொறுக்க முடியாமல் லாரிப் பட்டறைக்கே நடந்து போனாள். கலியாணம் பேசிய பெண் மாப்பிள்ளையின் வேலைத்தலத்துக்கு வருவது எந்த ஊரிலும் வழக்கமில்லை. இழைப்புளி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். அற்புதராஜ் பதறி வந்து, பாதி கட்டிய லாரிப் பாடியின் மறைவுக்கு அவளை அழைத்துப்போனார்.

"ஏனுங்க, ரோசிக்கு ஏதாச்சுமா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னப்பன் என்ற பெயரை, நாற்பது வயசை, சரிங்க சாமி என்று சொன்னதை, தோமினிக் வந்ததை. அற்புதராஜ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார்.

"இதை ஏனுங்க எங்கிட்டச் சொன்னீங்க?" என்றார் கடைசியில்.

அவள் எதிர்பார்த்த வார்த்தை இல்லை அது.

"யார்கிட்டச் சொல்றதுங்க?"

"எனக்குத் தெரியாமெ இருந்துச்சுங்க. தெரியாதவனா போயி நிம்மதியா நின்னிருப்பனுங்க." அவர் குரல் தாழ்ந்தது. கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. "இப்ப நானும் அறிஞ்சவனாப் போயிட்டனுங்களே. நாளைக்கு அந்த ஓலையைப் படிக்கறப்போ எனக்கும் சேத்தித்தானுங்க படிப்பாங்க."

அவர் முகம் மரத்தூளைவிட வெளிறியிருந்தது. இந்த மனிதனும் பயப்படுகிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. துணை தேடி வந்தவள், கூட ஒரு பயந்த ஆளைச் சம்பாதித்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. மெழுகுவர்த்தித் திருநாள். ஆளுக்கொரு மந்திரித்த மெழுகுவர்த்தி கையில். ஆண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் தோமினிக் உட்கார்ந்திருந்தார். உருமாலைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். சுவரோரம் அற்புதராஜ் முழங்காலில் நின்றார். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை.

சாமியார் காகிதத்தைப் பிரித்தார். காலஞ்சென்ற அமிர்தசாமியின் விதவை என்றார். அந்த வார்த்தையில் தோமினிக்கின் தலை குனிந்தது.

"அறிந்தும் மறைப்பவர்கள் சாவான பாவத்துக்கு உள்ளாவார்கள். இது மூன்றாம் ஓலை."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். வழக்கமான நேரம்தான் பார்த்திருப்பார். தோமினிக்கின் தோள் அசைந்தது. அவர் கை முன்னாலிருந்தவரின் தோள்பக்கம் போய், ஊன்றி எழுவதற்குப் போல, நின்றது. இன்னாசிமேரியின் கையிலிருந்த மெழுகுவர்த்தி உள்ளங்கைச் சூட்டில் வளைந்துகொண்டிருந்தது. தோமினிக்கின் கை மெல்ல மடிக்குத் திரும்பியது.

சாமியார் திரும்பிக்கொண்டார். மணி அடித்தது. முடிந்துவிட்டது. மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது, யாரும் எழவில்லை. அவளைச் சுற்றி எல்லோரும் முழங்காலில் விழுந்தபோது அவளும் விழுந்தாள். பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

பூசை முடிந்து கூட்டம் கலையும்போது தோமினிக் மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்றார். ரோசியை இன்பமேரியோடு அனுப்பிவிட்டு அவள் போனாள்.

"நீ புதன்கிழமை கலியாணத்தை நடத்திக்க" என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு வாயில்லை."

"ஏனுங்க மாமா?"

"அம்பத்தி மூணுல அவன்கிட்டேருந்து எனக்கு ஒரு காயிதம் வந்துச்சு."

அவள் கெபியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்து மூன்று. அந்த இங்கிலீஷ் கடிதத்தில் செத்தவன் செத்து இரண்டு வருஷம் கழிந்த வருஷம்.

"அங்க ஒருத்தியோட குடும்பமா இருக்கானாம். உங்கிட்டச் சொல்ல வேணாம்னு எழுதியிருந்தான். எனக்குக் கட்டிக்குடுக்க ரெண்டு பொண்ணு இருந்துச்சு, இன்னாசி. பொண்டாட்டி உசுரோட இருக்க இன்னொருத்தியை வெச்சுக்கிட்டவன் வம்சம்னு தெரிஞ்சா எந்தக் கோயில்ல என் பொண்ணுங்களுக்கு ஓலை வாசிப்பாங்க? எவன் வருவான்? மறைச்சிட்டேன். செத்துட்டான்னு இங்க பேச்சு வந்தப்போ, அதுவும் நல்லதுக்குத்தான்னு இருந்துட்டேன். எந்திரிச்சுச் சொல்லணும்னுதான் இன்னைக்கு வந்தேன். சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு முதல்ல என்னைக் கேப்பாங்களே."

"அப்பறம் எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?" என்றாள். நேற்று அற்புதராஜ் தன்னிடம் கேட்டதையே கேட்கிறோம் என்பது அவளுக்கு அப்போது நினைவில்லை.

"சொல்லாம பஸ் ஏற முடியலை" என்றார் தோமினிக். உருமாலைக் கட்டக் கை வராமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஒருவரும் அவளைத் தடுக்கப்போவதில்லை. தோமினிக் பேசமாட்டார், அற்புதராஜ் பேசமாட்டார். புதன்கிழமை தாலி ஏறும். ஊர் வந்து சாப்பிட்டுப் போகும். இத்தனை நாள் தெரியாது என்றாவது இருந்தது. இனி அதுவும் இல்லை. தெரிந்துகொண்டு பீடத்தின் முன் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். பிறகு பிறக்கிற பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வாழ்நாள் முழுக்க, வாசலில் குடையோடு ஒரு நிழல் விழுமோ என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் சாமியார் பங்களாவுக்குப் போனாள். சாமியார் அப்போதுதான் காபிக் கோப்பையை எடுத்திருந்தார்.

"ஒரு சங்கதி சொல்லோணுங்க சாமி."

"பாவசங்கீர்த்தனமா? கோயிலுக்குப் போயிரு, வாரேன்."

"இல்லீங்க சாமி. அதுல சொன்னா நீங்க வெளியில ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இங்கயே சொல்றனுங்க."

சொன்னாள். சாமியார் கோப்பையைக் கீழே வைத்தார். நடுவில் ஒரு தரம் மேசையை ஓங்கித் தட்டினார். "சத்தியம் கேக்கற எடத்துல பொய் சொன்னியா?" என்று சத்தம் போட்டார். அவள் அழுதாள், ஆனால் நிறுத்தவில்லை. முடித்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "போம்மா. கலியாணம் நின்னுபோச்சு. யாரு கேட்டாலும் காயிதத்துல ஒரு குழப்பம்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை.

வாழப்பாடிக்கு ஆள் அனுப்பி, தோமினிக்கைக் கூப்பிட்டு, பழைய கடிதத்தை வாங்கி, அதிலிருந்த தோட்டத்தின் பெயருக்குச் சாமியார் மறுபடி எழுதினார். பாஸ்குத் திருநாள் கழிந்து வைகாசியில் பதில் வந்தது. சவரிமுத்து மகன் அமிர்தசாமி உயிரோடுதான் இருந்தான். அங்கே பெண்டாட்டி என்று ஒருத்தி, மூன்று பிள்ளைகள். அந்தப் பங்குச் சாமியார் கூப்பிட்டுக் கேட்டபோது ஒத்துக்கொண்டானாம். வரமுடியாது என்றானாம்.

ஆவணியில் அற்புதராஜ் சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். தான் மாட்டிய கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத்தை திருச்செங்கோட்டுல ஒரு எடம் பாத்திருக்குதுங்க" என்றார். "எனக்கும் நாப்பது ஆச்சுங்க."

"நல்லா இருங்க" என்றாள் இன்னாசிமேரி. அவர் போன பிறகு அடுப்பில் விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

எவ்வளவு மூடினாலும், புருஷன் உயிரோடிருப்பதும் அவளே போய்க் கலியாணத்தை நிறுத்தியதும் மெல்ல வெளியே வந்துவிட்டன. பொய் சொன்னது மட்டும் சாமியாரோடு நின்றது. அவள் பயந்தபடி யாரும் அவளைத் துரத்தவில்லை. அதற்கு நேர்மாறாக நடந்தது. கோயிலில் பெண்கள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். கலியாண வீட்டில் பூத்தட்டு நேராக அவளிடம் வந்தது, புருஷன் இருக்கிறானே. "என்ன மனசுக்கட்டு" என்றார்கள். "சர்வேசுரனுக்குப் பயந்தவ" என்றார்கள். அவள் பூவை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், தலையில் வைத்ததில்லை.

மறு வருஷம் ஒரு ஞானோபதேச வகுப்பில் மதர் பெரிய பிள்ளைகளுக்கு விவாகத்தைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இன்னாசிமேரியைக் கூப்பிட்டுவரச் சொன்னார். மாவுக் கையோடு அவள் வந்து நின்றாள். முதல் வரிசையில் ரோசி.

"பிள்ளைகளே, கற்பும் விசுவாசமும் என்னவென்று தெரிய வேறு எங்கும் போக வேண்டாம். கட்டின புருஷனுக்குத் துரோகம் நினைக்காமல், தானாகவே தன் கலியாணத்தை நிறுத்தின உத்தமி நம்ம இன்னாசிமேரி" என்றார் மதர்.

நாற்பது பெண்கள் வாய் திறந்து பார்த்தார்கள். ரோசி கழுத்தை நிமிர்த்திப் பெருமையாகத் தாயைப் பார்த்தாள். இன்னாசிமேரி கையை முந்தானையில் துடைத்தாள்.

"அப்படி இல்லீங்க மதர்" என்றாள்.

"என்னம்மா?"

"அந்த ஆளுக்காவ நான் ஒண்ணும் நிறுத்தலீங்க. கலியாணம் பண்ணிக்கோணும்னு எனக்கு ஆசை இருந்துச்சுங்க. அதுக்காவச் சாமியார்கிட்டப் பொய் சொன்னனுங்க. அப்பறம் பயந்துட்டனுங்க. பயத்தோட குடித்தனம் பண்ண முடியாதுன்னுதானுங்க போயிச் சொன்னேன்." முதல் வரிசையைப் பார்க்காமல் மதரையே பார்த்தாள். "பிள்ளைகளுக்குச் சொல்றதா இருந்தா இதைச் சொல்லுங்க மதர். அதைச் சொல்லாதீங்க."

மதரின் முகம் சிவந்தது. இன்றோடு வேலை போயிற்று என்று இன்னாசிமேரி நினைத்தாள். ஆனாலும் பயம் வரவில்லை என்பதைத் தானே ஆச்சரியமாகக் கவனித்தாள். ரோசி குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். இந்தத் தடவை அந்தப் பார்வையில் பெருமை இல்லை. தெரியாத ஒருத்தியை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் தன் தாயைப் பார்த்தாள்.

"நீ போகலாம்" என்றார் மதர்.

"தோசைக்கு மாவு அரைச்சுக்கிட்டிருக்கனுங்க" என்று சொல்லிவிட்டு இன்னாசிமேரி படியிறங்கினாள்.